பார்க்காமல் தைத்தவர்

அந்த அக்கா டீயில் உப்பைப் போட்டுக் கலக்கி, பாதி குடித்த பிறகுதான் முகத்தைச் சுளித்தார். சுளித்தாரே தவிர டம்ளரைக் கீழே வைக்கவில்லை. மீதியையும் குடித்துவிட்டு, மடியில் கிடந்த துணியை எடுத்து விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்துவிட்டார். கொய்யாப்பழத்துக்காக யாரோ கொண்டுவந்து வைத்திருந்த உப்பு அது. சர்ச் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஏழு பெண்களும் சிரித்தோம். என் சிரிப்பு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது. அந்த மடியில் கிடந்த துணியை நான் பார்த்துக்கொண்டே இருந்ததுதான் காரணம். டீ குடித்த நேரம் போக, அந்த மதியத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குத் தையல் முன்னேறியிருந்தது. என் மடியில் இருந்ததை நான் இரண்டாவது முறையாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் இருவருக்கும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. தையல் செக்‌ஷனில் இரண்டாவது லைனில் அவர் மிஷின் ஓட்டுவார். லைனின் கடைசியில் நான் செக்கர். தைத்து முடித்த ஷூவின் மேல்பாகம் ஒவ்வொன்றாக என் மேசைக்கு வரும். ஓரத்திலிருந்து தையல் எவ்வளவு தள்ளியிருக்கிறது, எங்காவது நூல் தொங்குகிறதா, நடுவில் தையல் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் வெள்ளிப் பேனாவால் ஒரு கோடு போட்டுச் சிவப்பு டிரேயில் போட வேண்டும். ஒன்பது வருஷம் அதைச் செய்தேன். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு. அதுதான் எனக்குச் சோறு போட்டது.

அந்த அக்காவின் மிஷினிலிருந்து சிவப்பு டிரேக்குப் போனவை மிகக் கம்மி. மற்றவர்கள் குனிந்து, கண்ணை இடுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தைப்பார்கள். இவர் பாதி நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை. பக்கத்தில் தோல் பதனிடுகிற ஷாப்பின் சுவரும் அதன்மேல் காயும் கோணிகளும்தான். பக்கத்து மிஷின்காரி ஏதாவது கேட்டால் பதில் வராது. சாப்பாட்டு பெல் அடித்து எல்லாரும் கை கழுவப் போகும்போது, திடீரென்று திரும்பி, "ஆமாடி, அது போன மாசமே முடிஞ்சுபோச்சு" என்பார். காலையில் கேட்டதற்கான பதில் அது.

சர்ச் கூடத்துத் தையலை ஆரம்பித்தது நான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கிற குழந்தைகளுக்குக் கொடுக்க இருபது ஒட்டுத்துணிப் போர்வை வேண்டும் என்று எங்கள் போதகரம்மா கேட்டார். பழைய காட்டன் புடவை, தையல்கடையில் மிச்சமாகிற சுடிதார் துண்டுகள், நைட்டித் துணி எல்லாம் சேர்ந்தன. நான் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். துண்டுகளை ஸ்கேல் வைத்துச் சதுரமாக வெட்டி இணைப்பது, அடியில் பழைய புடவையை இரண்டாக மடித்து வைப்பது, மூன்று அடுக்கும் நகராமல் மேலே கையால் நூலோட்டம் போடுவது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட்டுவிட்டு வந்து எல்லாருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "ஸ்டெல்லா டீச்சர்" என்று கிண்டலாகக் கூப்பிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

மூன்றாவது வாரம் அந்த அக்கா வந்தார். ஒரு காலில் பச்சை வார் செருப்பு, இன்னொரு காலில் கருப்பு. நான் சொல்லிக்கொடுத்த அரைமணி நேரமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புரிஞ்சுதாக்கா?"

"ம்? மழ வரும்போல இருக்குது" என்றார்.

அடுத்த ஞாயிறு வந்தபோது ஒரு போர்வைக்கு மேல்பக்கம் முழுதும் இணைத்துக் கொண்டுவந்திருந்தார். ஊதாவும் மஞ்சளும். நான் அந்த இரண்டு நிறத்தைச் சேர்த்திருக்கவே மாட்டேன். மேசையில் விரித்துப் போட்டதும் எல்லாரும் தையலை விட்டுவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். செக்கர் பார்க்கிற மாதிரி பார்த்தேன். மூலைகள் எல்லா இடத்திலும் சரியாகச் சேரவில்லை. இரண்டு சதுரம் கொஞ்சம் பெரிசு. ஆனால் தள்ளி நின்று பார்த்தால் அந்தப் பெரிய சதுரங்களால்தான் போர்வை அழகாக இருந்தது. அதற்கு எந்த இடத்தில் வெள்ளிக் கோடு போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னுடையது நட்சத்திர டிசைன். எட்டு முனைகளும் நடுவில் ஒரே புள்ளியில் வந்து சேர வேண்டும். ஏழு சேரும், ஒன்று அரிசி அளவு விலகும். பிரிப்பேன். சமையல் முடித்து, டிவியை அணைத்து, தொந்தரவு செய்யாதே என்று என் பெண்ணிடம் சொல்லி, மனசு முழுதையும் அந்த ஊசியில் வைத்துத் தைப்பேன். நவம்பர் மாசம் வரை நான் ஒரு போர்வையும் முடிக்கவில்லை. அந்த அக்கா ஏழு முடித்துவிட்டார்.

"எப்டிக்கா தைக்கிறீங்க? நீங்க பாக்கறதே இல்லியே" என்று ஒருநாள் கேட்டேன். சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, புது நூல் கோத்தார். மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம், "தெரியலடி. நான் கவனிக்கல. ராத்திரி பாத்தா இவ்ளோ ஆயிருக்கு" என்றார். பெருமையாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் போர்வையை வேறு யாரோ தைத்துவிட்டுப் போன மாதிரி சொன்னார்.

முடித்த போர்வைகளை எல்லாம் என் வீட்டில்தான் அடுக்கி வைத்திருந்தோம். ஒருநாள் என் வீட்டுக்காரர் மேலே இருந்த ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தார். எந்த விஷயத்திலும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத ஆள். "இது நீ தச்சதா? நல்லாருக்குதே" என்றார். ஊதாவும் மஞ்சளும் போட்டது அது.

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அந்த அக்காவை என்னால் முன்பு போலப் பார்க்க முடியவில்லை. பொய் சொன்னது நான். கோபம் அவர் மேல் வந்தது.

கம்பெனியில் அவரையே கவனிக்க ஆரம்பித்தேன். நிமிஷத்துக்கு ஒருமுறை அவர் இடது கை இடுப்புக்குப் போய் வருவதைக் கண்டுபிடித்தேன். புடவைக் கொசுவத்துக்குள் ஏதோ இருந்தது. எங்கள் கம்பெனியில் போனை கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இவர் ஒரு பட்டன் போனைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருக்கிறார். ஜன்னலைப் பார்க்கிற அந்தப் பார்வைக்கும் இந்தப் போனுக்கும் நானே ஒரு கதை கட்டினேன். யாரோ ஒரு ஆள் இருக்கிறான், மனசு அவனிடம் இருக்கிறது. நாற்பத்தைந்து வயசில் இந்த அக்காவுக்கு நினைத்துக்கொண்டிருக்க ஒருத்தன். அதிலும் எனக்குப் பொறாமை வந்தது என்று சொன்னால் நம்ப வேண்டும்.

அந்த ஞாயிறு போதகரம்மா கூடத்துக்கு வந்தார். அக்காவின் போர்வைகளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நல்ல மனசோடுதான், "ஸ்டெல்லா, இனிமே அக்காவே எல்லாருக்கும் சொல்லித் தரட்டும். நீ துணி வெட்டிக் குடும்மா. உன் கை வெட்டுறதுக்கு ரொம்ப சுத்தம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த அக்கா மட்டும் ஆட்டவில்லை. அவருக்கு அது காதில் விழவே இல்லை. அவர் வாசலைப் பார்த்தபடி தைத்துக்கொண்டிருந்தார்.

என்னிடமிருந்து பிடுங்கிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

புதன்கிழமை காலை சூப்பர்வைசர் என் மேசைப் பக்கம் வந்தபோது சொன்னேன். "சார், செகண்ட் லைன் அக்கா கிட்ட போன் இருக்குது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

பத்து நிமிஷம் கழித்து அவர் அந்த மிஷின் பக்கம் போனார். அக்கா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். கைக்குட்டையோடு போனை எடுத்துக் கொடுத்தார். ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். "சார், வீட்ல" என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

"எல்லாருக்கும்தான் வீடு இருக்குதும்மா. சாயங்காலம் ஆபீஸ்ல வந்து வாங்கிக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதியம் அந்த மிஷினிலிருந்து தையல் கோணிய மூன்று ஜோடி என் மேசைக்கு வந்தன. வெள்ளிக் கோடு போட்டேன். சிவப்பு டிரேயில் போட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஐந்தரை மணிக்கு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது சைக்கிள் ஷெட் பக்கத்தில் கூட்டமாக இருந்தது. அந்த அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் போன். பக்கத்தில் புர்காவில் ஒரு அம்மா நின்று அழுதுகொண்டிருந்தார். அவர் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர். அக்கா அவரை ஆபா என்று கூப்பிடுவார். ஆபா சொல்லித்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

அக்காவின் வீட்டுக்காரருக்கு மறதி நோய். ஒன்றரை வருஷமாக. தோல் ஷாப்பில் தோல் ஊறவைக்கிற டிரம் ஓட்டிக்கொண்டிருந்த ஆள், ஐம்பத்திரண்டு வயசில், தன் வீட்டுக்கு வழி தெரியாமல் தெருமுனையில் நிற்க ஆரம்பித்திருக்கிறார். பகலில் ஆபா பார்த்துக்கொள்வார். எழுந்து வெளியே கிளம்பினால் உடனே அக்காவுக்கு மிஸ்டு கால் கொடுப்பார். அக்கா வயிற்றுவலி என்று பெர்மிஷன் கேட்டு வீட்டுக்கு ஓடி, அவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு வருவார். நாலு தெரு தள்ளித்தான் வீடு. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவரைப் பைத்தியம் என்பார்கள் என்று பயம்.

அன்று பதினோரு மணிக்கு ஆபா பாத்ரூம் போன நேரத்தில் அவர் கிளம்பிவிட்டார். ஆபா பத்துமுறை போன் செய்திருக்கிறார். கம்பெனி கேட்டுக்கு வந்து கேட்டதற்கு, வாட்ச்மேன் ஷிப்ட் முடிந்துதான் பார்க்க முடியும் என்று சொல்லிவிட்டார்.

இன்னொரு நம்பரிலிருந்தும் மூன்று கால் வந்திருந்தது. அக்கா அதற்குத் திருப்பிப் போட்டார். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. ஒரு பஸ் கண்டக்டர்.

"உங்க வூட்டுக்காராம்மா? ஊர் பேர் கேட்டா சொல்லத் தெரியல. சட்டை காலர்ல உள்பக்கம் நம்பர் தச்சிருந்தது, பாத்து மூணு தடவ அடிச்சேன். யாரும் எடுக்கல. ஆற்காடு பஸ் ஸ்டாண்டுல எறக்கி ஒரு கடையில உக்கார வெச்சிட்டு வந்தேன். அது ஒரு மணிக்கும்மா."

மணி ஐந்தே முக்கால். என் கைப்பையை நான் ஏன் அவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கடையில் அவர் இல்லை. சர்ச் ஆட்கள் ராணிப்பேட்டை, வேலூர், ஆற்காடு என்று பிரிந்து தேடினார்கள். வியாழக்கிழமை நான் லீவு போட்டுவிட்டு அக்காவோடு ஆற்காடு போனேன். ஸ்டெல்லாவுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று போதகரம்மா சொன்னார்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா பையிலிருந்து எட்டாவது போர்வையை எடுத்தார். ஊசியில் நூலைக் கோத்தார். தைக்க ஆரம்பித்தார். போகிற வருகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு பெண் போலீஸ் வந்து நின்று, "இன்னாம்மா, புருஷனக் காணோம்னு வந்துட்டு இங்க உக்காந்து தச்சிக்கினு இருக்க?" என்றார்.

"சும்மா இருந்தா வாந்தி வர்ற மாதிரி இருக்குது மேடம்" என்றார் அக்கா. அவர் கண் பஸ் வருகிற ரோட்டிலேயே இருந்தது. ஒவ்வொரு பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு ஆண் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாகப் போய்க்கொண்டிருந்தது.

நான் அவர் மடியைப் பார்த்தேன். அந்த இடத்தில், அந்த நேரத்தில், அதற்குக் காரணமான நான் அங்கே உட்கார்ந்துகொண்டு நூலோட்டத்தின் இடைவெளியைப் பார்த்தேன். ஒன்றுபோல ஒன்று, நெல் அடுக்கியது மாதிரி. எனக்கு முதலில் வந்தது குற்ற உணர்ச்சி இல்லை. இந்த நிலைமையிலும் எப்படி இப்படி வருகிறது என்கிற எரிச்சல்தான். குற்ற உணர்ச்சி அதற்குப் பின்னால்தான் வந்தது. அந்த வரிசையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை திமிரியிலிருந்து போன் வந்தது. பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் ஒருவர் காலரைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். காலில் செருப்பு இல்லை, பாதம் கொப்பளித்திருந்தது, இரண்டு நாளாக அங்கங்கே யாரோ கொடுத்த டீயும் பன்னும்தான். உயிரோடு இருந்தார். அக்காவைப் பார்த்ததும், "நீங்க யார்மா?" என்று மரியாதையாகக் கேட்டாராம். அழைத்துவரப் போனவர்கள் சொன்னார்கள்.

அதோடு அக்கா வேலையை விட்டுவிட்டார். கிறிஸ்துமஸுக்கு ஆஸ்பத்திரிக்குப் போன போர்வைகளில் எட்டு அவருடையவை. என்னுடையது போகவில்லை. எனக்குத் தூக்கம் போனது. சூப்பர்வைசர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன்.

ஒரே ரூம், முன்னால் சின்ன வராண்டா. வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தன் சட்டைப் பட்டனைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். அக்கா அவருக்கு எதிரில் பாயில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். இந்தமுறை பெரிய போர்வை. யாருக்கு என்று கேட்கவில்லை.

"வா ஸ்டெல்லா. உக்காரு" என்றார். பார்வை வீட்டுக்காரர் மேல்தான்.

நான் வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "அக்கா, உங்க கிட்ட போன் இருக்குதுன்னு சூப்பர்வைசர் கிட்ட சொன்னது நான்தான்."

"ம்" என்றார். ஊசி போய்க்கொண்டிருந்தது. அந்த வரிசை முடிந்த பிறகு, "இன்னா சொன்ன?" என்றார்.

முதல்முறை சொன்னது சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது முறை சொன்னேன். "போனப் புடுங்க வெச்சது நான்தான்கா. நீங்க நல்லா தைக்கிறீங்கன்னு எனக்கு வயித்தெரிச்சல். அதான் சொன்னேன்."

அவர் கை நின்றது. அவர் முகம் என் பக்கம் திரும்பியது. எத்தனையோ வருஷம் ஒரே லைனில் வேலை செய்திருக்கிறோம், அவர் என்னை முழுசாகப் பார்த்தது அதுதான் முதல்முறை. கண், நெற்றி, என் கழுத்துச் செயின், மறுபடி கண். அதில் கோபம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு ஆள் இவ்வளவு கவனத்தோடு இன்னொரு ஆளைப் பார்க்க முடியும் என்று எனக்குத் தெரியாது. இதற்காகத்தான் இத்தனை நாள் ஏங்கினேனோ என்னவோ. என்னால் அதைத் தாங்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே கேட் கிறீச்சென்றது.

நாற்காலி காலியாக இருந்தது. அக்கா துணியை உதறிவிட்டு எழுந்து ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். வீட்டுக்காரர் தெருவில் நாலு வீடு தாண்டிப் போய்க்கொண்டிருந்தார், வேலைக்கு நேரமாகிவிட்ட ஆள் மாதிரி வேகமாக. அக்கா போய் அவர் கையைப் பிடித்தார். கொஞ்ச தூரம் அவரோடு அவர் போகிற பக்கமே நடந்தார். அப்புறம் மெல்லத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார்.

என்னைத் தாண்டும்போது மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "பாத்தியா? ஒரு நிமிஷம்தான் உன்னப் பாத்தேன்."

மன்னித்ததாகவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தில் ஒட்டிய மண்ணைக் கையால் தட்டிவிட்டு, பாயில் உட்கார்ந்து ஊசியைத் தேடி எடுத்தார். "போய்ட்டு வா ஸ்டெல்லா. இருட்டுது" என்றார். அதற்குள் அவர் கண் பழையபடி அந்த மனிதர் மேல் போய்விட்டது. நான் கேட்டைச் சாத்திவிட்டுத் தெருவில் நின்று திரும்பிப் பார்த்தேன்.

அவர் மறுபடியும் பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை வாங்குகிறவருக்கு அது யாருடையது என்றுகூடத் தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த மனிதர் மேலும் பொறாமையாகத்தான் இருந்தது.